கன்னம் மாறிய மச்சம்

பாத்திரம் கழுவுவது கணவர். துடைத்து அடுக்குவது அக்கா. கல்யாணமான புதிதில் இரண்டையும் அவரே செய்துகொண்டிருந்தார். பெரிய தட்டின் மேல் சின்னத் தட்டு, அதன் மேல் கிண்ணம் என்று ஒழுங்காகத்தான் அடுக்குவார். ஆனால் நேற்று இருந்த மாதிரி இன்று இருக்காது. நீலக் கோப்பையின் பிடி ஒருநாள் சுவரைப் பார்க்கும், ஒருநாள் ஜன்னலைப் பார்க்கும். அக்கா வாயைத் திறக்காமல் திருப்பி வைப்பாள். கொஞ்ச நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு, "இந்தாம்மா, இது உன் டிபார்ட்மெண்ட்" என்று துணியை அவள் தோளில் போட்டுவிட்டார்.

அவளை அக்கா என்று கூப்பிடத் தங்கை ஒருத்திதான் உரிமைப்பட்டவள். ஆனால் ஸ்டூடியோவில் விளக்குத் தூக்குபவரிலிருந்து தயாரிப்பாளர் வரை எல்லோருக்கும் அவள் அக்காதான். அவளைவிட மூத்தவர்கள்கூட அப்படியே கூப்பிட்டுப் பழகிவிட்டார்கள். வேலை, கன்டினியுட்டி. படப்பிடிப்பில் காலையில் சாவு எடுப்பார்கள், மத்தியானம் காதல், சாயங்காலம் அதே ஆள் பிறந்த கதை. இன்று தெருவில் கதவைத் தட்டுகிறவன் அடுத்த மாதம்தான் வீட்டுக்குள் நுழைவான். அப்போது அவன் காலர் பொத்தான் திறந்திருந்ததா, கைக்குட்டை எந்தப் பையில், நெற்றி வியர்வை துடைத்ததா துடைக்காததா என்று யாராவது ஒருத்தர் சொல்லியாக வேண்டும். அந்த ஒருத்தர் அக்கா. இருபது வயதில் ஒரு பட கம்பெனி ஆபீசில் டைப் அடிக்கப் போனவள், போட்டுப் பார்த்துக்கொண்டிருந்த படத்தை வாசலில் நின்று எட்டிப் பார்த்துவிட்டு, "அந்தப் பூ ஜாடி முன்னாடி இடது பக்கம்ல இருந்துச்சு" என்றாள். அதோடு டைப் மெஷினை மூடிவைத்தாள்.

கணவருக்குக் கண்ணாடிக் கடை. ஒரு படத்துக்காகப் பவர் இல்லாத கண்ணாடி கேட்டுப் போனபோதுதான் பழக்கம். வெளிச்சம் பட்டால் பளிச்சிடுகிறது என்று அதையே மூன்று தடவை திருப்பிக் கொண்டுவந்தாள். "உண்மையிலேயே கண்ணாடி பளிச்சிடுதா, இல்ல என்னைப் பார்க்க வர்றீங்களா?" என்று கேட்டுவிட்டார். அவள் நாலாவது தடவையும் வந்தாள்.

அன்றைக்கு மத்தியானம் அவர் கடைசித் தட்டை அலசிக்கொண்டிருக்கும்போது போன் அடித்தது. தங்கை.

"அக்கா, கடைசி எபிசோட் வெள்ளிக்கிழமை போட்டுக் காட்டுறோம். எங்க ஆளுங்க மட்டும்தான். நீயும் மாமாவும் கண்டிப்பா வரணும். அவர்தான் கூப்பிடச் சொன்னார்."

"எவர்?"

"அக்கா..."

"இல்ல, உன் வீட்டுல நிறைய அவர் இருக்காங்களோன்னு கேட்டேன்."

அந்த அவர், தங்கையின் கணவர். இயக்குநர். அக்காவிடம்தான் உதவியாளராக வந்து சேர்ந்தார். அக்கா வீட்டில் சாப்பிட்டு, அக்கா வீட்டில் தங்கையைப் பார்த்து, அக்கா முன்னால் நின்று கல்யாணம் செய்துகொண்டவர். பிறகு மளமளவென்று மேலே போனார். 'தோற்றிருந்தால்' என்று அவர் எடுத்த தொடரைத்தான் இரண்டு வருடமாக ஊரே பார்த்துக்கொண்டிருந்தது.

கதை இதுதான். தாத்தா காலத்தில் ஒரு போர் நடந்தது, நாம் ஜெயித்தோம். தொடரில் நாம் தோற்றுவிடுகிறோம். ஜெயித்தவர்கள் இங்கேயே உட்கார்ந்து ஆள்கிறார்கள். அவர்கள் சட்டப்படி வண்டிகள் சாலையின் மறுபக்கம் ஓடும். பெட்ரோல் கிடையாது, எல்லாம் கரி. குடிமக்கள் நெஞ்சில் ஆட்சியின் பேட்ஜைக் குத்திக்கொண்டு, கைக்கடிகாரத்தை வலது கையில்தான் கட்ட வேண்டும். இடது கையில் கட்டினால் கலகக்காரன். இப்படி நடக்காத ஒன்றுக்குக் கன்டினியுட்டி பார்ப்பது சாதாரண வேலை இல்லை. போருக்குப் பிறகு கட்டிய பாலம் பின்னால் தெரியக் கூடாது. பிளாஸ்டிக் வாளி கூடாது. டீசல் ரயில் சத்தம் தூரத்தில்கூடக் கேட்கக் கூடாது. அந்த இல்லாத நாட்டில் அக்கா ஒரு வருடம் குடியிருந்தாள். வீட்டில் கணவர் வழக்கம்போல இடது கையில் கடிகாரம் கட்டினால், "பிடிச்சுட்டுப் போயிடுவாங்க" என்பாள்.

ஒருநாள் மாலை, வெளிச்சம் போய்க்கொண்டிருந்த நேரம். ஆட்சிக்கு விசுவாசமான அதிகாரியாக வரும் நாயகன் கோட்டைக் கழற்றிவிட்டுச் சட்டையோடு ஜன்னலருகே நிற்கும் காட்சி. எடுத்து முடியும் நேரத்தில்தான் சட்டைக் கைக்குள்ளிருந்து கடிகாரம் எட்டிப் பார்த்தது. இடது கையில்! அக்கா கையைத் தூக்கினாள்.

"டைம் இல்லக்கா. மறுபடி எடுக்க வெளிச்சம் இருக்காது. எடிட்டிங்ல படத்தை இடம் வலமாத் திருப்பிப் போட்டா கடிகாரம் வலது கைக்கு வந்துடும்" என்றார் இயக்குநர்.

"கடிகாரம் வந்துடும். கன்னத்து மச்சமும் கூடவே இந்தப் பக்கம் வந்துடுமே?"

"மச்சத்தை யாரு பார்க்கப் போறாங்க?"

பக்கத்தில் நாயகனின் கோட்டைக் கையில் பிடித்துக்கொண்டு தங்கை நின்றிருந்தாள். அப்போது அவள் உடைகள் பிரிவு. ஒவ்வொரு வார்த்தையும் அவள் காதில் விழுந்தது.

மச்சத்தை ஊரே பார்த்தது. பள்ளிக்கூடப் பிள்ளைகள்கூடக் கன்னத்தில் பேனாவால் வைத்துக்கொள்ளும் மச்சம் அது. ஒரு காட்சியில் மட்டும் அது வலது கன்னத்துக்குத் தாவிவிட்டுத் திரும்பி வந்ததை விடுவார்களா? சட்டைப் பொத்தானும் பெண்கள் சட்டை மாதிரி பக்கம் மாறியிருந்தது. "தம்பி தங்கச்சி சட்டையை மாத்திப் போட்டுட்டாரு" என்று சிரித்தார்கள். பத்திரிகைக்காரர்களைக் கூட்டி வைத்துப் பேசும்போது ஒருவர் இதைக் கேட்டார். மேடையில் இயக்குநர், பக்கத்து நாற்காலியில் தங்கை. இயக்குநர் வருத்தமான முகத்தோடு, "அதைப் பார்த்துக்கிட்டவங்க ரொம்ப சீனியர். என் குடும்பம் மாதிரி. பாவம், இப்போ அவங்களுக்குக் கண்ணு சரியாத் தெரியறதில்ல. ஆளை மாத்திட்டோம்" என்றார்.

தங்கை மேசைமேல் இருந்த தண்ணீர் பாட்டிலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கண்ணாடிக் கடைக்காரர் பெண்டாட்டிக்குக் கண் தெரியாது! இதைவிட நல்ல நகைச்சுவை அந்தக் கடைத்தெருவுக்கு ரொம்ப நாளாகக் கிடைக்கவில்லை. பக்கத்துப் பேனா கடைக்காரர் தினமும் ஒரு தடவை, "என்ன சார், வீட்டுல இன்னிக்கு உங்களை அடையாளம் தெரிஞ்சுதா?" என்பார். வாடிக்கையாளர்கள், "உங்க வீட்டுக்கே சரியா பவர் போட முடியலயாமே" என்று அடுத்த கடைக்கு நகர்ந்தார்கள். கணவர் சிரித்து மழுப்பினார். அந்தச் சிரிப்பை அக்காவால்தான் தாங்க முடியவில்லை. கண் தெரியாத கன்டினியுட்டிக்கு வேறு யாரும் வேலை தரவில்லை. மரியாதையாக நலம் விசாரித்துவிட்டுப் போனை வைத்தார்கள். கடைக்கு வந்து உட்கார்ந்தாள். வருகிறவர்களைச் சுவரில் தொங்கும் எழுத்து அட்டைக்கு நேராக உட்காரவைத்து, "கீழ் வரிசையைப் படிங்க" என்று சொல்லும் வேலை.

அவள் இடத்துக்கு யாரை மாற்றினார்கள்? தங்கையைத்தான்.

ஒரு வருடமாக அக்கா கோபத்தைக் காட்டவில்லை. தங்கை போன் செய்தால் பேசினாள், வந்தால் டீ கொடுத்தாள். பேச்சில் மட்டும் ஊசி இருக்கும். "ஏம்மா, உனக்குள்ளயே வச்சுப் புழுங்குறே? ஒரு நாள் நல்லாத் திட்டித் தீர்த்துடேன்" என்பார் கணவர்.

"திட்டினா தீர்ந்துடும்ல. அதான் திட்டல."

இப்போது போனில், "வரோம்" என்றாள்.

கையில் சோப்பு நுரையோடு கணவர் திரும்பினார். "வரோமா?"

"வரோம். வெள்ளைச் சட்டை போட்டுக்குங்க."

அவள் எதற்குப் போனாள் என்பதில் ஒளிவுமறைவு இல்லை. அது கடைசி எபிசோட். நாட்டில் பாதி உட்கார்ந்து பார்க்கப்போவது. அதில் மச்சத்தைவிடப் பெரியதாக ஒரு தப்பு இருக்க வேண்டும், அதை எல்லோருக்கும் முன்பே அவள் கண்டுபிடிக்க வேண்டும், பிறகு வாயை மூடிக்கொண்டு ஒளிபரப்பாக விட வேண்டும். வண்டியில் போகும்போது கணவரிடமே இதைச் சொன்னாள். "நல்ல எண்ணம்" என்றார் அவர்.

ஸ்டூடியோவின் சின்னத் திரையரங்கில் நாயகன், எடிட்டர், தயாரிப்பாளர் என்று எல்லோரும் இருந்தார்கள். மச்சக் காட்சி எடுத்த அன்று செட்டில் இருந்த அதே ஆட்கள். விளக்கு அணைந்தது. அக்கா முன்னால் சாய்ந்து உட்கார்ந்தாள்.

கடிகாரங்கள் வலது கையில். மெழுகுவத்தி காட்சிக்குக் காட்சி முறையாகக் குறைந்தது. மழையில் நனைந்த கோட்டின் கறை, காய்ந்த பிறகும் அதே வடிவத்தில் இருந்தது. வண்டிகள் சரியான பக்கம் போயின, ரயில் கரிப்புகை விட்டது. முடிவில் நாயகன் ஓடும் ரயிலின் கழிப்பறைக்குள் போய், ஜெயித்தவர்கள் எல்லோர் நெஞ்சிலும் குத்திவிட்ட பேட்ஜைப் பிடுங்கித் தண்டவாளத்தில் போடுகிறான். வெறும் கோட்டோடு வெளியே வருகிறான். பேட்ஜ் இருந்த இடத்தில் துணி கொஞ்சம் நிறம் கூடுதலாக, இரண்டு ஊசித் துளைகளோடு இருந்தது. அக்காவாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பாள்.

ஒரு தப்புகூட இல்லை. அக்கா மறுபடியும் மனதுக்குள் ஓட்டிப் பார்த்தாள். சுத்தம். தங்கையின் வேலை சுத்தமாக இருந்தது. வேலையைப் பறித்துக்கொண்டவள் மோசமாகச் செய்திருந்தால்கூட ஒரு ஆறுதல் இருந்திருக்கும். அதுவும் போயிற்று.

விளக்கு வந்ததும் கைதட்டினார்கள். இயக்குநர் எழுந்து, அவளை எல்லோருக்கும் காட்டுவதுபோலக் கையை நீட்டினார். "எங்க அக்கா வந்திருக்காங்க! சொல்லுங்கக்கா. ஏதாவது மாட்டுச்சா?"

எல்லோரும் சிரித்தார்கள். நாயகன் கன்னத்தைத் தொட்டுக் காட்டி, "இது இருக்க வேண்டிய இடத்துல இருக்கு அக்கா" என்றான். மறுபடி சிரிப்பு. தங்கையும் சிரித்தாள்.

அக்கா கைப்பையை எடுத்துக்கொண்டாள்.

"ஒண்ணே ஒண்ணு" என்றாள்.

சிரிப்பு உடனே நிற்கவில்லை, ஒவ்வொருவராக நிறுத்தினார்கள்.

"எது அக்கா?" என்றார் இயக்குநர்.

"பரவால்ல, விடுங்க. யாரு பார்க்கப் போறாங்க?"

கணவர் கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு நடந்தாள். வண்டியில் ஏறின பிறகு அவர் கேட்டார். "நிஜமா ஒண்ணு இருந்துச்சா?"

"இல்ல."

அவர் வண்டியைக் கிளப்ப மறந்து உட்கார்ந்திருந்தார். பிறகு, "அடிப்பாவி" என்றார். அதில் பாராட்டும் கொஞ்சம் இருந்தது.

இல்லாத தப்பை இருக்கிறது என்று அக்கா அதுவரை சொன்னதே இல்லை. அவள் கையைத் தூக்கினால் தப்பு இருந்தே தீரும் என்பது அந்த வட்டாரத்துக்கே தெரியும். கண் போய்விட்டது என்று மேடையில் சொன்ன இயக்குநருக்கு அது எல்லோரையும்விட நன்றாகத் தெரியும்.

அடுத்த நாள் காலையிலிருந்தே தேட ஆரம்பித்தார்கள். எடிட்டர் அக்காவுக்குப் பழக்கமானவர். கடைக்குப் போன் செய்து புலம்பினார். "அக்கா, காலைல பூரா திரைச்சீலை மடிப்பை எண்ணிக்கிட்டிருந்தோம். மத்தியானம் ரயில்வே ஸ்டேஷன் சீன்ல பின்னாடி நிக்குற கம்பம் செல்போன் டவர்ங்கறார். கொடிக்கம்பம் சார்ங்கறேன். அதை ஏன் அந்தம்மா டவர்னு நினைச்சிருக்கக் கூடாதுங்கறார். நீங்க என்ன நினைச்சீங்கன்னு நாங்க நினைச்சு நினைச்சு எங்களுக்கு மண்டை காயுது. ஒரு சின்னக் குறிப்பு?"

"எனக்குத்தான் கண்ணு தெரியாதே தம்பி" என்று போனை வைத்தாள். அன்றைக்கு மத்தியானம் அவளுக்கு நல்ல பசி எடுத்தது.

இரண்டு நாள் கழித்து இயக்குநரே கடைக்கு வந்தார். ஒரே காட்சியைத் திரும்பத் திரும்பப் பார்த்துக் கண்ணில் தண்ணீர் வடிந்துகொண்டிருந்தது. "சகலை, சும்மா ஒரு டெஸ்ட் பண்ணிடுங்க" என்று நாற்காலியில் உட்கார்ந்தார். உள்ளே லென்ஸ் தேய்த்துக்கொண்டிருந்த கணவர், "டெஸ்ட் எல்லாம் இப்ப உங்க அக்காதான்" என்று வெளியே வராமலே சொன்னார்.

அக்கா எழுத்து அட்டைக்குப் பக்கத்தில் போய் நின்றாள். "கீழ் வரிசையைப் படிங்க."

இயக்குநர் படித்தார். முதல் எழுத்து சரி. இரண்டாவதில் தடுமாறினார்.

"பாவம். கண்ணு சரியாத் தெரியல" என்றாள் அக்கா.

பேனா கடைக்காரர் வாசலில் நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார். இயக்குநர் குரலைத் தாழ்த்தினார். "அக்கா, அன்னிக்கு நான் பேசினது தப்புதான். கால்ல வேணாலும் விழறேன். எதுன்னு மட்டும் சொல்லிடுங்க. வர்ற வெள்ளிக்கிழமை டெலிகாஸ்ட்."

"அன்னிக்குப் பேசினதை மைக்குல பேசினீங்க. இதைக் காதுல சொல்றீங்களே?"

அவர் எழுந்தார். போகிற போக்கில் அக்காவைப் பார்க்காமல் கல்லாப் பக்கம் பார்த்து, "உங்க தங்கச்சி சரியாப் பார்த்திருந்தா எனக்கு இந்தக் கதி வருமா?" என்றார்.

ஒளிபரப்புக்கு முந்தின நாள் காலையில் தங்கை வந்தாள். அக்கா படுக்கையறையில் மெத்தை உறை மாற்றிக்கொண்டிருந்தாள். கூடத்தில் கணவர் செய்தித்தாளோடு இருந்தார். தங்கை அவரிடம் ஒரு வார்த்தையும் பேசாமல் நேராக உள்ளே வந்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். சேலையின் ஓரத்தில் காய்ந்த டீக்கறை இருந்தது. அக்கா அதைப் பார்த்தாள்.

"அக்கா, முடிச்சுட்டோம். இனிமே மாத்தறதுக்கு இன்னிக்கு சாயங்காலம் வரைக்கும்தான் டைம்."

"ம்."

"கண்டுபிடிச்சுட்டார்னு நினைக்கிறேன். அந்த ரயில் கழிப்பறை ஜன்னல்தானே? கொக்கி பிளாஸ்டிக். அந்தக் காலத்துல ஏது பிளாஸ்டிக்? நான்தான் கவனிக்காம விட்டுட்டேன்னு நேத்து எல்லார் முன்னாடியும் கத்தினார். அந்த ஷாட்டையே வெட்டிட்டார்."

உறையை இழுத்துக்கொண்டிருந்த அக்காவின் கை நின்றது. "எந்த ஷாட்டை?"

"உள்ள போய்ப் பேட்ஜைப் பிடுங்கிப் போடறது. அவன் முகத்துலயே முடிவு தெரியுதே, கையைக் காட்டணுமாங்கறார். நேத்து எல்லாரும் உட்கார்ந்து பார்த்தோம். நல்லாத்தான் போகுது."

அந்தக் கொக்கி இரும்பு. கறுப்புச் சாயம் அடித்த இரும்பு. அன்றைக்குத் திரையில் அக்கா அதையும் பார்த்திருந்தாள். வெட்டிய பிறகு என்ன ஆகியிருக்கும் என்பதும் அவளுக்கு உடனே தெரிந்தது. நாயகன் பேட்ஜோடு கழிப்பறைக்குள் போவான், பேட்ஜ் இல்லாமல் வெளியே வருவான். அது எங்கே போனது, யார் எடுத்தது என்று பார்க்கிறவர்களுக்குத் தெரியாது. இரண்டு வருடமாக ஊரே காத்திருந்தது அவன் அதை எப்போது பிடுங்குவான் என்பதற்குத்தான். அதைக் காட்டவே மாட்டார்கள். வந்து நிற்பது வெறும் கோட்டும் இரண்டு ஊசித் துளையும். நாளைக்கு நாடே கேட்கும். மச்சமெல்லாம் இதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை.

தங்கைக்கு எப்படித் தெரியாமல் போனது? அவளுக்கு மட்டும் இல்லை, அந்த அறையில் இருந்த யாருக்கும் தெரிந்திருக்காது. அந்தக் காட்சியை அத்தனை தடவை பார்த்தவர்களுக்கு, வெட்டி எறிந்த பிறகும் அவன் கை பேட்ஜுக்குப் போவது கண்ணில் ஓடிக்கொண்டுதான் இருக்கும். ஒரே ஒரு தடவை பார்த்தவள் அக்கா மட்டும்தான்.

அவள் கட்டிலின் மறுபக்கம் உட்கார்ந்தாள்.

"மறுபடி ஏதாவது ஆச்சுன்னா இந்தத் தடவை என்னைத்தான் கைகாட்டுவார்க்கா" என்றாள் தங்கை. "பேசறதுக்கு இப்பவே தயாரா இருக்கார். எனக்கு அவரைத் தெரியும்."

"எனக்கும் தெரியும்."

"அதான் உங்கிட்ட வந்தேன்."

அக்கா தங்கையின் முகத்தைப் பார்த்தாள். சின்ன வயதில் பொய் சொல்லும்போது கீழுதட்டைக் கடிக்கும் முகம். இப்போது கடிக்கவில்லை.

"நான் ஒண்ணு கேக்குறேன். அதுக்கு நீ பதில் சொல்லு. அப்புறம் உனக்கு என்ன வேணுமோ நான் சொல்றேன். அன்னிக்கு, ஜன்னல் பக்கத்துல அந்தக் கடிகார ஷாட் எடுத்தப்ப நீ பக்கத்துலதான் நின்னே. திருப்பிப் போடச் சொன்னது யாரு? மச்சம் மாறிடும்னு சொன்னது யாரு?"

கூடத்தில் செய்தித்தாள் மடங்கும் சத்தம் கேட்டது. கணவரும் காத்திருந்தார்.

தங்கை கீழுதட்டைக் கடித்தாள்.

"அதெல்லாம் எவ்வளவு நாளாச்சு. எனக்குச் சரியா ஞாபகம் இல்லக்கா."

மழையில் நனைந்த கோட்டின் கறை வடிவம் ஞாபகம் இருந்தவள். பேட்ஜ் குத்தின ஊசித் துளை ஞாபகம் இருந்தவள்.

"அப்படியா" என்றாள் அக்கா.

"அதை விடு. இப்ப எபிசோட் சரியாயிடுச்சா? அந்த ஷாட் போனதும் நீ சொன்ன தப்பும் போயிடுச்சுல்ல? அதை மட்டும் சொல்லு. தலையையாவது ஆட்டு."

அக்கா எழுந்தாள். மெத்தை உறையின் ஒரு மூலை இன்னும் இழுக்கப்படாமல் சுருண்டு கிடந்தது. அதை அப்படியே விட்டாள்.

"அக்கா, சரியா இருக்கா இல்லையா?"

அக்கா கூடத்தைத் தாண்டி, கணவர் நிமிர்ந்து பார்த்ததையும் தாண்டி, அடுக்களைக்குள் போய் டீக்குத் தண்ணீர் வைத்தாள்.